அந்த மூன்று பறவைகளைக் கழித்துவிடாதே

மஞ்சக்குப்பம், கடலூர்
அக்டோபர் 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. காலையில் தேவனாம்பட்டினம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார். மழைதான் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. மேகம் கட்டுகிறது, நாலு தூறல் போடுகிறது, கலைந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் வலசைப் பறவை ஆராய்ச்சியைப் பற்றி நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. "மூணு பறவை மட்டும் சொதப்புதும்மா. அதை எடுத்துட்டா கிராஃப் அழகா வந்துடும்" என்றாய். நான் உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். நான் சொல்ல நினைத்தது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் எம்.பில். வேலையைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை. 1987. பர்மாங்கனேட்டை வைத்து ஒரு கரிம அமிலத்தை ஆக்ஸிஜனேற்றம் செய்து, அதன் வினைவேகத்தை அளப்பது. அமிலத்தை அளவுக்கு மேல் எடுத்துக்கொள்வோம். அப்போது அதன் செறிவு மாறாத மாதிரிதான், பர்மாங்கனேட் குறைவதை மட்டும் பார்த்தால் போதும். போலி முதல் வகை. நீயும் படித்ததுதான். பர்மாங்கனேட் செறிவின் மடக்கையை நேரத்துக்கு எதிராகப் புள்ளி வைத்தால் நேர்கோடு வரவேண்டும்.

அந்த வேலை எப்படி நடக்கும் தெரியுமா? தெர்மோஸ்டாட் தொட்டியில் 30 டிகிரி. இரண்டு குடுவைகளையும் அரைமணி நேரம் உள்ளே வைத்திருந்து, பிறகு ஒன்றில் மற்றதை ஊற்றும்போது ஸ்டாப்வாட்ச்சை அழுத்த வேண்டும். குறித்த நேரத்துக்கு ஒரு தடவை பிப்பெட்டில் 5 மில்லி உறிஞ்சி (அப்போதெல்லாம் வாயால்தான்) பொட்டாசியம் அயோடைடில் விட்டால் அயோடின் பழுப்பாக இறங்கும். அதை ஹைப்போ கரைசலால் தரம் பார்க்க வேண்டும். எவ்வளவு ஹைப்போ செலவாகிறதோ, அவ்வளவு பர்மாங்கனேட் மிச்சமிருக்கிறது என்று கணக்கு. வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் ஸ்டார்ச் விட்டால் கருநீலம். அந்த நீலம் ஒரே சொட்டில் மறையும். அந்தச் சொட்டுக்காகவே நான் வேதியியலில் இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

முதல் ஐந்து அளவுகளில் ஹைப்போ ஏறக்குறைய ஒரே அளவுதான் செலவானது. வினை நடக்கவே இல்லாத மாதிரி. ஆறாவதிலிருந்து மளமளவென்று இறங்கியது. சரியாகக் கலக்கவில்லை போலிருக்கிறது என்று திரும்பச் செய்தேன். அதேதான். தொட்டியின் வெப்பநிலையைச் சந்தேகப்பட்டு மூன்றாம் தடவை செய்தேன். அப்போதும் அதேதான். தப்பு என்றால் மூன்று தடவையும் ஒரே இடத்தில் வருமா என்று எனக்குக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, ஆய்வேட்டை டைப் அடிக்கக் கொடுக்க வேண்டும். பென்சிலால் அந்த ஐந்தையும் அடித்துவிட்டு, ஆறிலிருந்து கோடு போட்டேன். ஸ்கேல் வைத்த மாதிரி வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் பல வருஷம் கழித்து, ப்ளஸ் டூ செய்முறை வகுப்பு. ஆக்ஸாலிக் அமிலத்தைச் சூடாக்கிப் பர்மாங்கனேட்டால் தரம் பார்க்கிறார்கள். ஒரு பெண் பியூரெட்டைப் பிடித்தபடி, "மிஸ், முதல் சொட்டு மட்டும் ஏன் கலரு போக இவ்ளோ நேரம் ஆவுது? அப்புறம் டக்கு டக்குனு போவுதே?" என்றாள். வாய் தன்பாட்டுக்குப் பதில் சொன்னது: வினையில் உண்டாகிற மாங்கனீஸ் அயனியே அந்த வினைக்கு வினையூக்கி, அது கொஞ்சம் சேரும் வரைக்கும் மெதுவாகத்தான் போகும். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் எடுத்தது வேறு அமிலம், அதிலும் இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த ஐந்து அளவுகள் சொல்ல வந்தது இதையேதானோ என்னவோ. அந்த வினை எப்படி நடக்கிறது என்பதே அந்த முதல் பத்து நிமிஷத்தில் இருந்திருக்கலாம். கழித்துவிட்டேன். அதனால் எனக்குத் தெரியாமலே போய்விட்டது, பாப்பா. இன்றைக்கும் தெரியாது.

2011 டிசம்பர் 30 நினைவிருக்கிறதா? தானே புயல். நீ அப்போது ஸ்கூலில் இருந்தாய். ஓடு பறந்து, பீரோவுக்குள் தண்ணீர் போனது. இங்க்கில் எழுதி வைத்திருந்த நல்ல நோட்டு முழுக்க நீலமாகக் கரைந்துவிட்டது. பென்சிலால் எழுதிய ரஃப் நோட்டு மட்டும் காய்ந்து தப்பியது. அடித்த கோட்டுக்குக் கீழே அந்த ஐந்து எண்களும் அப்படியே இருக்கின்றன. நேற்று எடுத்துப் பார்த்தேன்.

சரி, உன் பறவைகளுக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புனல் மாதிரிக் கூண்டு, உள்பக்கம் காகிதம், அதில் பறவை ராத்திரியெல்லாம் தாவித் தாவிக் கீறிய நகத்தடம். வலசைக் காலத்தில் அடைத்து வைத்தாலும் போக வேண்டிய திசைப் பக்கமே தாவும் என்று நீ சொன்னபோது அப்பாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு காகிதத்தில் தென்மேற்கே அடர்த்தியாகக் கீறல், பென்சிலால் நிழல் தீட்டிய மாதிரி. சொதப்பியது என்று நீ அனுப்பிய காகிதத்தில் சுற்றிலும் ஒரே மாதிரி. ஆனால் அதிலும் கீறல் குறைவில்லை. அந்தப் பறவையும் ராத்திரி முழுக்கத் தாவியிருக்கிறது.

போன வருஷம் இதே ஐப்பசியில், காலையில் துணி துவைக்கிற கல் பக்கத்தில் ஒரு ஆறுமணிக்குருவி கிடந்தது. உன்னிடம் படம் காட்டினேனே, பச்சை முதுகு, தேன் நிற நெஞ்சு, வால் அடியில் குங்குமச் சிவப்பு. வடக்கே இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா என்று குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தமிழ்நாடு, இலங்கை என்று ராத்திரிப் பயணமாக வருகிற பறவை. வருகிற வழியில் களைத்துப்போய் நம் கடலோர ஊர்களில் வீட்டுக்குள்ளேயே விழும். அப்பா கையில் எடுத்தார். நெஞ்செலும்பு கத்தி மாதிரி விரலில் குத்தியது. இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய சதை வற்றியிருந்தது. பறவை பறப்பதற்குக் கொழுப்பைத்தான் எரிக்கிறது. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோ கலோரி, மாவுச்சத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கொழுப்பு தீர்ந்தால் தன் சதையையே எரிக்கும். 1780-களில் லவாய்சியர் ஒரு சீமைப்பெருச்சாளியைப் பனிக்கட்டிக்கு நடுவில் அடைத்து வைத்து, மூச்சு விடுவதும் ஒருவகை எரிதல்தான் என்று காட்டியதை வருஷா வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது கையில் தெரிந்தது. அப்பா உள்ளங்கையில் அந்தச் சூடு, நம் உடம்புச் சூட்டைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக.

அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, துணி மூடி, இருட்டில் வைத்தோம். சாயங்காலம் திறந்தோம். தெற்கே பறக்கும் என்று அப்பா காத்திருந்தார். அது நேரே பக்கத்து வீட்டு வேப்பமரத்தடிச் சருகுக்குள் போனது. நாலு நாள் அங்கேயே சருகைப் புரட்டி மண்புழு தின்றது. ஐந்தாம் நாள் காலையில் காணோம்.

முதல் நாள் சாயங்காலம் அதை உன் கூண்டில் விட்டிருந்தால் எந்தத் திசையில் கீறியிருக்கும்?

கொழுப்புச் சேராத பறவை கடலைத் தாண்டத் துணியாமல் வந்த பக்கமே திரும்பும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அப்படியானால் அந்த மூன்றுக்கும் திசை தெரியவில்லை என்று எப்படி முடிவு கட்டினாய்? எடை பார்த்தாயா?

இன்னொன்றும் யோசித்தேன். நீ வேதியியலை விட்டுவிட்டுப் பறவைக்குப் போகிறேன் என்றபோது நான் கொஞ்சம் வருத்தப்பட்டது உனக்குத் தெரியும். பிறகு, பறவை பூமியின் காந்தத்தை உணர உதவுவதாக நினைக்கிற கிரிப்டோகுரோம் என்ற கண் புரதத்தைப் பற்றி நீ விளக்கியதும்தான் புரிந்தது, நீ எங்கேயும் போகவில்லை. பூமியின் காந்தப்புலம் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தில் நூறில் ஒரு பங்குதான். மூலக்கூறுகள் சூட்டில் ஆடுகிற ஆட்டத்துக்கு முன்னால் அதன் ஆற்றல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. அது போய் ஒரு வினையை என்ன செய்துவிடும் என்று நான் கேட்டேன். நீ சொன்னாய்: கண்ணுக்குள் நீல ஒளி பட்டதும் அந்தப் புரதத்தில் ஃபிளேவின் என்ற பகுதி ஒரு எலக்ட்ரானைப் பறிக்கிறது, டிரிப்டோபான் என்ற பகுதி அதை இழக்கிறது, அதாவது ஆக்ஸிஜனேற்றம். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தனி எலக்ட்ரான். அவை மறுபடி சேர்வதா, வேறு வழியில் போவதா என்று மைக்ரோ நொடிகளில் ஒரு ஓட்டப்பந்தயம். காந்தப்புலம் யாரையும் தள்ளுவதில்லை, எத்தனை ஜோடி எந்த வழியில் போகிறது என்ற கணக்கை மட்டும் கொஞ்சம் மாற்றுகிறது. ஷுல்டன் என்ற விஞ்ஞானி 1978-லேயே இதை எழுதினார், 2000-ல் கிரிப்டோகுரோமைப் பெயர் சொல்லிக் காட்டினார்கள், 2021-ல் ஐரோப்பாவின் ராபின் குருவியின் கிரிப்டோகுரோம் சோதனைக்குழாயில் காந்தத்துக்குக் கோழி, புறாவினுடையதைவிட அதிகமாக அசைந்தது. உயிருள்ள கண்ணில் இன்னும் யாரும் காட்டவில்லை, அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம் என்றாய். எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் தொட்டியில் வைத்து அளந்த அதே சங்கதி, வேகம், ஒரு குருவியின் கண்ணுக்குள்.

இவ்வளவு நுட்பமான பந்தயத்தில் ஒரு நாள் என்ன மாறினாலும் முடிவு மாறும். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் கதையும் நீ சொன்னதுதான். பல்கலைக்கழக வளாகத்து மரக்குடிலில் ராபின்கள் வருஷக்கணக்கில் திசை காட்டவே இல்லை. அந்தப் பறவைகள் சரியில்லை என்று விட்டிருந்தால் அத்தோடு முடிந்தது. குடிலைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து எர்த் கொடுத்தார்கள், பறவைகள் உடனே திசை காட்டின. எர்த்தை எடுத்தால் மறுபடி தடுமாற்றம். ஊரின் மின்சாதனங்களிலிருந்தும் ஏ.எம். ரேடியோவிலிருந்தும் வருகிற இரைச்சல்தான் காரணம் என்று 2014-ல் நேச்சர் இதழில் வந்தது. தாத்தா டிரான்சிஸ்டரில் புதுச்சேரி வானொலி கேட்கும்போது டியூப்லைட் போட்டால் கரகரக்குமே, நீ வேண்டுமென்றே போட்டுப் போட்டு அணைப்பாயே, கிட்டத்தட்ட அந்த இரைச்சல்தான். உன் அந்த மூன்று கூண்டுகளும் எந்தச் சுவர்ப் பக்கம் இருந்தன? அன்றைக்குப் பக்கத்து அறையில் புதிதாக எதையாவது ஓட்டினார்களா? பல்பு மாற்றினார்களா? சிவப்பு வெளிச்சத்தில் திசை தடுமாறும் என்றாயே.

எல்லாம் பார்த்துவிட்டு, பறவைக்கு நோய், கூண்டு சாய்ந்திருந்தது என்று தெளிவான காரணம் கிடைத்தால் தாராளமாகக் கழி. ஆனால் காரணத்தை எழுதிவிட்டுக் கழி, கிராஃப் எப்படி வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் கழி. காரணம் கிடைக்காவிட்டால் மூன்றும் கிராஃபில் இருக்கட்டும். கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கைடு என்ன சொல்வார் என்று பயப்படாதே, நீயே முதலில் போய் அவரிடம் அந்த மூன்று காகிதங்களையும் மேஜையில் பரப்பிக் காட்டு.

உனக்கு ஏழு வயசிருக்கும், மொட்டைமாடியில் தையல் ஊசியைக் காந்தமாக்கி நூலில் கட்டித் தொங்கவிட்டோமே. நம் ஊரில் அது கிட்டத்தட்டக் கிடையாக நின்றது. தெற்கே கன்னியாகுமரிப் பக்கம், ஊசி சாயாமல் கிடையாக நிற்கிற காந்த நடுக்கோடு போவதால் இங்கே சாய்வு குறைச்சல், ஜெர்மனியில் ஊசி மூக்கு குத்திக்கொண்டு நிற்கும் என்று சொன்னேன். பறவை வடக்கு தெற்கு பார்ப்பதில்லை, அந்தச் சாய்வைத்தான் பார்க்கிறது என்று நீ இப்போது எனக்குச் சொல்லித் தருகிறாய். அப்படியானால் சைபீரியாவிலிருந்து நம் உப்பனாற்றுக் கழிமுகத்துக்கு வருகிற உள்ளான்களுக்கு இங்கே வந்ததும் சாய்வு கிட்டத்தட்ட இல்லாமலே போகுமே, அப்போது எதை வைத்துக்கொண்டு போகின்றன? இதற்கு ஒரு நாள் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முறுக்கும் பண்ருட்டி முந்திரியும் பார்சல் போட்டிருக்கிறோம். ரஃப் நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தனியாக அனுப்புகிறேன், இரண்டாவது வரிசையைப் பார். ராத்திரி வேலை என்றால் பகலில் தூங்கு, வெறும் காபியில் ஓட்டாதே.

நேற்று சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு வேப்பமரத்துப் பக்கம் அந்த இரட்டை விசில் கேட்டது. அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

அந்த மூன்றும் கூண்டுக்குப் போன அன்றைக்கு எத்தனை கிராம் இருந்தன என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அம்மா