கிட்டார் பாடி எந்த மரமா வேணா இருக்கட்டும், நெக்கைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல எலக்ட்ரிக் கிட்டார் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. படமெல்லாம் நல்லா இருந்துச்சு, எழுதுனவரும் ஆர்வமாத்தான் எழுதியிருக்காரு, ஆனா ரெண்டு எடத்துல எனக்கு ஒத்துக்கவே முடியல. நல்ல சவுண்டு வேணும்னா மகாகனி, ரோஸ்வுட்னு உசத்தியான மரத்துல செஞ்ச கம்பெனி கிட்டார்தான் வாங்கணும்னு ஒரு எடம், வீட்டுல செய்யிறதெல்லாம் செவுத்துல மாட்டி வைக்கத்தான் ஆகும்னு இன்னொரு எடம். நான் பவுண்டரிக்கு மரத்துல பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்கற மாதிரி, அடிக்கிற தொழில்ல இருக்கறவனுங்க. வீட்டு மாடியில ஒரு ஷெட் போட்டு கிட்டாரும் செய்யிறேன், யாவாரத்துக்கு இல்ல, பையனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும், அவங்க அதை வச்சு காலேஜ் மேடையில வாசிச்சுட்டுத்தான் இருக்காங்க.

மொதல்ல மரம். வீணைக்கோ சாதா கிட்டாருக்கோ மரப் பொட்டிதான் சத்தத்தை வெளிய தள்ளுது, அங்க மரம் முக்கியம்னு சொன்னா சரி. எலக்ட்ரிக்ல கதையே வேற. ஸ்டீல் கம்பி காந்தத்துக்கு மேல ஆடுது, காந்தத்தைச் சுத்தி இருக்கற காயில்ல சின்னதா கரண்டு உண்டாகுது (இந்தக் காந்தமும் காயிலும் சேந்ததைத்தான் பிக்கப்னு சொல்றது), அந்தக் கரண்டு ஒயர் வழியா ஆம்ப்ளிபயருக்குப் போகுது. பாடிக்கு இருக்கற பெரிய வேலை கம்பியை அசையாம புடிச்சுக்கறதுதான். 1940 வாக்குல அமெரிக்காவுல லெஸ் பால்ங்கறவரு எபிபோன் கிட்டார் பேக்டரில லீவு நாள்ல உக்காந்து ஒரு 4க்கு 4 இஞ்ச் பைன் கட்டையில நெக்கையும் (விரல் வச்சு அழுத்தற நீளக் கழுத்து) கம்பியையும் பூட்டி வாசிச்சுப் பாத்தாரு. சத்தம் நல்லாத்தான் வந்துச்சு, ஆனா ஜனங்க கட்டையைப் பாத்து மொகத்தைச் சுளிச்சாங்கன்னு ஒரு கிட்டாரை நெடுக்க ரெண்டா அறுத்து ரெண்டு பக்கமும் சேத்துக்கிட்டாரு, அது முழுக்க முழுக்க கண்ணுக்காக. லியோ பெண்டர் கலிபோர்னியாவுல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவரு, அவருக்கு கிட்டார் வாசிக்கவே தெரியாது, 1950ல பலகையை வெட்டி நெக்கை நாலு ஸ்குரூ போட்டு முடுக்கி வித்தாரு, இன்னைக்கு வரைக்கும் டெலிகாஸ்டர்னு அதைத்தான் ஒலகமே வாசிக்குது. டேன்எலக்ட்ரோன்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, அவங்க 1950கள்ல மரச் சட்டத்துக்கு மேலயும் கீழயும் ஹார்டுபோர்டு அட்டையை ஒட்டி, பிக்கப்பை லிப்ஸ்டிக் குழாய்க்குள்ள அடைச்சு மலிவா வித்தாங்க. அதை வாங்க இன்னைக்கும் ஆளுங்க அலையறாங்க. மரத்தால கொஞ்சமாச்சும் வித்தியாசம் வராதான்னு நாள் பூரா சண்டை போடறவங்க இருக்காங்க, போடட்டும், பிக்கப்போட ஸ்குரூவை ரெண்டு சுத்து மேல ஏத்துனா வர்ற வித்தியாசம் அதை விட ஜாஸ்தின்னுதான் நான் சொல்லுவேன்.

ரெண்டாவது, வீட்டுல செஞ்சது மேடைக்கு ஆகாதுன்னு எழுதுனீங்களே, குவீன் இசைக்குழுவோட பிரையன் மே வாசிக்கிற கிட்டாரு எங்க செஞ்சதுன்னு நெனச்சீங்க? அவரு பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு இருந்தப்ப, 1963ல, கடையில வாங்க காசு இல்லாம, எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச அவங்க அப்பா கூட சேந்து லண்டனுக்குப் பக்கத்துல இருக்கற அவங்க வீட்டுலயே செஞ்சது. கிட்டத்தட்ட ரெண்டு வருசம் புடிச்சுது, மொத்தச் செலவு 8 பவுண்டுன்னு சொல்லுவாங்க. நெக்கு ஒரு பழைய வீட்டுக் கணப்போட மகாகனிக் கட்டையில இருந்து வந்துச்சு, அதுல பூச்சி அரிச்ச ஓட்டை இருந்துச்சு, அதைத் தீக்குச்சி வச்சு அடைச்சாரு. பாடிக்கு பழைய மேசையோட ஓக் மரம், அதுக்குச் சுத்தி பிளாக்போர்டு (கரும்பலகை இல்ல, மரத் துண்டுகளை ஒட்டிச் செய்யற பலகை), மேல மகாகனி வினியர்ங்கற மெல்லிசு மரத் தகடு. கம்பியை ஆட்டி சுருதியை எறக்கி ஏத்தற அமைப்புக்கு பழைய மோட்டார்பைக் இஞ்சினோட வால்வு ஸ்பிரிங், அதோட கைப்பிடிக்கு சைக்கிள்ல பை மாட்டற கம்பி, அது முனைக்கு அம்மாவோட பின்னல் ஊசித் துண்டு, நெக்குல இருக்கற வெள்ளைப் புள்ளி அம்மாவோட பொத்தான் டப்பாவுல இருந்து எடுத்த முத்துச்சிப்பி பட்டன். பிக்கப்பையும் அவரே சுத்திப் பாத்தாரு, ஆனா கம்பியை இழுத்து வாசிக்கிறப்ப அதுல ஒரு இரைச்சல் வந்துச்சு, அப்புறம் பர்ன்ஸ் கம்பெனி பிக்கப் மூணு வாங்கிப் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்விட்சுன்னு ஆறு ஸ்விட்சு வச்சாரு. அந்தக் கிட்டாரோடதான் 1985 லைவ் எய்டு கச்சேரில நின்னாரு, 2002ல பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டை மாடியில நின்னு வாசிச்சதும் அதேதான்.

அதுக்காக எதை வேணா எப்படி வேணா ஒட்டலாம்னு சொல்ல வரல. மெனக்கெட வேண்டிய எடம் நெக்கு, காசும் நேரமும் அங்கதான் போகணும். சாதாரணமா மாட்டற பத்தாம் நம்பர் கம்பி செட்டு, ஆறு கம்பியையும் சுருதிக்கு ஏத்திட்டா மொத்த இழுப்பு 45 கிலோவைத் தாண்டும், அதை ஒரு ரெண்டு விரல் தடிமன் கூட இல்லாத கட்டை வருசக் கணக்கா தாங்கணும், அதுவும் நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவுல. அதனாலதான் உள்ளார டிரஸ் ராடுன்னு ஒரு ஸ்டீல் கம்பி போடறது, கட்டை வளைஞ்சா அதை முடுக்கி நிமித்திக்கலாம், கிப்சன் கம்பெனிக்காரங்க 1920கள்லயே இதைக் கொண்டு வந்துட்டாங்க. கட்டை நல்லாக் காஞ்சதா, ரேகை நேரா ஓடறதா இருக்கணும். பழைய வீட்டை இடிச்சா வர்ற தேக்கு நிலை, உத்திரம் எல்லாம் நம்ம ஊரு பழைய மரக்கடையில கெடைக்குது, அம்பது அறுவது வருசம் காஞ்ச மரம், இனிமே அது அவ்வளவா முறுக்காது. ஆணி மட்டும் உள்ள ஒளிஞ்சிருக்கும், காந்தத்தை வச்சுத் தடவிப் பாத்துட்டு அறுங்க. தேக்குல எண்ணெய் ஜாஸ்தி, ஒட்டறதுக்கு முன்னாடி தின்னர்ல தொடைச்சுக்கணும். பாடி முழுக்க தேக்குலயே செஞ்சா தோள்பட்டை போயிடும், உள்ளார குடைஞ்சு எடுத்துருங்க, இல்ல மலைவேம்பு மாதிரி லேசான மரத்துக்குப் போயிருங்க. வெள்ளை பெவிக்கால் பாடி ஒட்ட தாராளமாப் போதும், ஆனா நெக்குல தலைப் பக்கம் ஒட்டு வச்சா அங்க வேணாம், விடாம இழுத்துட்டே இருக்கற எடத்துல அது மெல்ல மெல்ல நழுவும்.

அப்புறம் பிரெட், அதாவது நெக்கு மேல குறுக்க பதிக்கிற உலோகக் கம்பி, அதை வைக்கிற கணக்கு, எனக்கு இந்தத் தொழில்லயே ரொம்பப் புடிச்ச எடம் இதுதானுங்க. பெண்டர் கிட்டார்ல கம்பி ஆடற நீளம் 25 அரை இஞ்ச், அதாவது 648 எம்எம். அதை 17.817 ஆல வகுத்தா 36.37 வரும், தலைப் பக்கத்துல இருந்து அவ்வளவு தள்ளி மொத பிரெட். மீதி இருக்கற நீளத்தை திரும்ப 17.817 ஆல வகுத்தா ரெண்டாவது, இப்படியே போனா பன்னெண்டாவது பிரெட் கரெக்டா பாதியில, 324ல வந்து உக்காரும். பழைய காலத்துல 18 ஆல வகுத்தாங்க, விஞ்ஞானி கலிலியோவோட அப்பா, அவரு லூட் வாசிக்கிற சங்கீதக்காரரு, அவரு எழுதி வச்ச கணக்கு அது. அதைப் போட்டா பன்னெண்டாவது பிரெட் 321.64லயே நின்னுரும், ரெண்டே கால் எம்எம்முக்கு மேல தவறிருச்சுன்னா மேல் ஸ்தாயி காதுல நாராசமா விழும். இன்னொண்ணு, ஒரு பிரெட்டுல இருந்து அடுத்த பிரெட்டுன்னு அளந்துட்டே போகாதீங்க, ஒவ்வொண்ணுலயும் கால் எம்எம் தப்புனாலும் அது கூடிட்டே போயி கடைசில எங்கயோ நிக்கும், எல்லாத்தையும் தலைமாட்டுல இருக்கற நட்டுல இருந்தே அளக்கணும். தஞ்சாவூர்ல வீணைக்கு மேளம் கட்டறவங்க மெழுகுல கரியைக் கலந்து அதுல 24 பித்தளை மெட்டையும் பதிச்சு, காதால கேட்டுக் கேட்டு நகத்தி வைக்கிறாங்க, பத்தலைன்னா மெழுகை எளக்கிட்டு மறுபடி வைக்கலாம். கிட்டார்ல ரம்பத்தை வச்சு 0.6 எம்எம் அகலத்துல கோடு கிழிச்சாச்சுன்னா அது கிழிச்சதுதான். அதுல ஜெர்மன் சில்வர் கம்பியை அடிச்சு எறக்கி, எல்லாத்து மேலயும் மார்க்கர்ல கோடு போட்டு, நேரான அரத்தை வச்சு மட்டம் பாத்துத் தேய்க்கணும், எந்தப் பிரெட்டுல மை போகாம நிக்குதோ அது பள்ளம்னு அர்த்தம். பேட்டர்ன் கடையில மட்டம் பாக்கற சர்பேஸ் பிளேட்டுல நீலம் தடவிப் பாக்கறோமே, அதே வேலை. கோயமுத்தூர்ல இதைச் செய்யத் தெரிஞ்ச கை ஆயிரக்கணக்குல இருக்கு, அவங்களுக்கு இது கிட்டாருக்கும் ஆகும்னு தெரியாது, அவ்வளவுதான்.

பிக்கப்பும் அப்படித்தான். பேன் மோட்டார் காயில் கட்டற கடையில கவுண்டர் வச்ச சுத்தற மிஷின் இருக்கு. பேனுக்கு 36 கேஜ் ஒயர்னா இதுக்கு 46 கேஜ், 0.06 எம்எம், தலைமுடி மாதிரி மெல்லிசு, சுமார் 8000 சுத்து. கை கொஞ்சம் வெறைச்சாலும் அந்துரும். சுத்தி முடிச்சு மீட்டர்ல பாத்தா 6 கிலோ ஓம் பக்கம் காட்டும். அப்புறம் மெழுகை வெந்நிப் பாத்திரத்துல வச்சு உருக்கி அதுல முக்கி எடுக்கணும், இல்லன்னா சவுண்டைக் கூட்டுனதும் பிக்கப்பு கீச்சுனு கத்தும், மெழுகை நேரா அடுப்புல மட்டும் வைக்காதீங்க, தீப்புடிச்சுக்கும்.

பெயிண்டுக்கு எங்கயும் போக வேண்டாம். பெண்டர் கம்பெனியே கார் பெயிண்டைத்தான் அடிச்சாங்க, லேக் பிளாசிட் புளூன்னு ஒரு கலர் இருக்கே, அது காடிலாக் காருக்கு வந்த கலர். நம்ம டூவீலர் பெயிண்டிங் கடையில பட்டி பாத்து, பிரைமர் அடிச்சு, லாக்கர் விடத் தெரியாத ஆளு உண்டுங்களா?

ரோஸ்வுட் பத்தி ஒண்ணு சொல்லணும், கட்டுரையில அதை ஏதோ வெளிநாட்டுச் சரக்கு மாதிரி எழுதியிருந்தாங்க. நீலகிரிப் பக்கம் வளருதே நம்ம ஈட்டி மரம், அதுதானுங்க இந்தியன் ரோஸ்வுட்னு ஒலகத்துல எத்தனையோ கிட்டாரோட நெக்கு மேல உக்காந்திருக்கு. பிரேசில் ரோஸ்வுட் அழிஞ்சு போற நெலமைக்கு வந்து 1992ல ஒலக வியாபாரத்துக்கே தடை போட்டப்புறம் நம்ம மரத்துக்கு இன்னும் கிராக்கி. நம்ம ஈட்டியைக் காப்பாத்த தமிழ்நாட்டுல 1994லயே சட்டம் போட்டாங்க, 2017ல இந்த ஜாதி மரம் மொத்தத்துக்கும் ஒலக அளவுல பர்மிட் கேட்டாங்க, 2019ல செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு மட்டும் அதைத் தளத்திக்கிட்டாங்க. ஆகவே எவனோ மலையில இருந்து எறக்குன துண்டை சல்லிசா குடுக்கறான்னு வாங்காதீங்க, பில்லு இருந்தா வாங்குங்க, இல்லன்னா பழைய பீரோ, கட்டில் காலுன்னு தேடிப் பாருங்க. அறுக்கறப்ப மாஸ்க் போட்டுக்கங்க, அந்தத் தூள் சில பேருக்கு ஒடம்பு பூரா தடிச்சுரும்.

காசு மிச்சம் புடிக்கலாம்னு மட்டும் யாரும் இதுல எறங்க வேண்டாம். மரம் குடையற ரூட்டர் மிஷின், கிளாம்ப், அரம், டியூனிங் கீ, பாடி மேல கம்பியைத் தாங்கற பிரிட்ஜுன்னு எல்லாம் கூட்டிப் பாத்தா கடையில தொங்கற ஆரம்ப வெலைக் கிட்டாரே மலிவு. கடையில கெடைக்காத சாமான் வேணும்னாதான் இதுக்கு அர்த்தம். மாண்டலின் ஸ்ரீனிவாஸை எடுத்துக்கங்க, ஜோடி ஜோடியா எட்டுக் கம்பி இருக்கற மாண்டலின்ல கமகம் புடிக்க வராதுன்னு அஞ்சே ஒத்தைக் கம்பி போட்ட எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கிட்டு கச்சேரி மேடையையே புடிச்சாரு. இப்ப கிட்டார்ல கர்நாடக சங்கீதம் பழகற பசங்களும் நெக்கு இப்படி வேணும், கம்பி லேசா இழுபடணும்னு ஆளுக்கொரு அளவு கேக்கறாங்க, அந்த அளவுல கம்பெனிக்காரன் செஞ்சு வைக்க மாட்டான்.

எர்த் பத்தி உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம். எலக்ட்ரிக் கிட்டாரோட கம்பிக்கும் ஆம்ப்ளிபயரோட எர்த்துக்கும் பிரிட்ஜு வழியா நேரடித் தொடர்பு இருக்கு, இரைச்சல் வராம இருக்க அப்படித்தான் ஒயர் குடுப்பாங்க. வீட்டுல எர்த் சரியில்லாம ஆம்ப்புல லீக் இருந்துச்சுன்னா அந்தக் கரண்டு கம்பி வழியா கைக்குத்தான் வரும். 1972ல பிரிட்டன்ல ஸ்வான்சி ஊர்ல லெஸ் ஹார்வின்னு ஒரு கிட்டாரிஸ்ட் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலயே செத்துப் போனாரு. நம்ம ஊர்ல மூணு பின் பிளக்குல எர்த் பின்னை ஒடைச்சுட்டு ரெண்டு பின் சாக்கெட்டுல சொருகறது சர்வ சாதாரணம், கோயில் திருவிழா மேடையில கேக்கவே வேண்டாம். பசங்களை கிட்டார் வாங்கச் சொல்லுங்க, செய்யச் சொல்லுங்க, எப்படியோ, ஆனா ஆம்ப்பை மாட்டறதுக்கு முன்னாடி எலக்ட்ரீசியனைக் கூப்ட்டு எர்த் வருதான்னு பாத்து, கரண்டு கசிஞ்சா தானா ஆப் ஆகற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஸ்விட்சு ஒண்ணு போடச் சொல்லி அடுத்த ஞாயித்துக்கிழமை அதே பக்கத்துல ஒரு பொட்டி கட்டிப் போடுங்க. எடம் பத்தலைன்னா என் கடுதாசியில மத்ததை வெட்டிட்டு இதை மட்டுமாச்சும் போடுங்க.

இப்படிக்கு,
பேட்டர்ன் கடைக்காரன்,
கணபதி, கோயமுத்தூர்.