அளவுகோலோடு ஹாக்வார்ட்ஸ் கோட்டையைப் பார்த்தால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு துண்டுகளை அடுக்கிக் கட்டும் விளையாட்டுப் பொருள்களைத் தயாரிக்கும் லெகோ நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஹாக்வார்ட்ஸ் கோட்டைத் தொகுப்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த மதிப்புரையைப் படித்தேன். ஹாரி பாட்டர் என்ற ஆங்கில மந்திரக் கதைத் தொடரில் வரும் பள்ளிக் கோட்டைக்குத் தமிழ் நாளிதழில் அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால், ‘பொம்மைகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறியவை’ என்றும், ‘பின்புறத்தைக் கட்டி முடிக்காமல் விட்டுவிட்டார்கள்’ என்றும், ‘இத்தனை விலை கொடுத்தும் குழந்தைகள் விளையாட முடியவில்லை’ என்றும் மதிப்புரையாளர் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டட வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கோட்டையை என் கையாலேயே அடுக்கி முடித்தவன் என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் அந்த ஊரில் வெளியே போகவும் முடியாது, வீட்டுக்குள் சும்மா இருக்கவும் முடியாது. மகள் வாங்கி வைத்து, பிரிக்க நேரமில்லாமல் அலமாரியின் மேல் கிடந்த பெட்டியை, ‘அப்பா, உங்களுக்குப் பிடித்த வேலைதான்’ என்று இறக்கிக் கொடுத்தாள். நானும் பதினான்கு வயதுப் பேத்தியும் நாளுக்கு இரண்டு மணி நேரமாக ஏறக்குறைய மூன்று வாரம் உட்கார்ந்து 6,020 துண்டுகளையும் சேர்த்து முடித்தோம். உணவு மேசை அதுவரை எங்களுக்குச் சொந்தமாகிவிட்டது; வீட்டில் மற்றவர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

பெட்டியின் மேலேயே பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதை மதிப்புரையாளர் எங்கும் குறிப்பிடவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை பொம்மையைக் கையில் பிடித்துக் கதை நடத்தி விளையாட வேண்டும் என்றால், அதற்கென்றே அதே ஆண்டில், அந்தப் பள்ளியின் உணவுக்கூடமான ‘பெருமண்டபம்’ தனித் தொகுப்பாக வந்தது. 878 துண்டுகள், வழக்கமான அளவில் பத்துப் பொம்மைகள், அமெரிக்காவில் நூறு டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. பெரிய கோட்டையின் விலையோ, வெளிவந்தபோது, நானூறு டாலருக்கு ஒரு சென்ட் குறைவாக இருந்தது. பிள்ளைக்கு வாங்க வந்தவர் நான்கு மடங்கு விலையுள்ள பெட்டியை எடுத்துப் போய்விட்டு, பிள்ளை விளையாடவில்லை என்று வருத்தப்படுவதில் பெட்டியின் தவறு என்ன இருக்கிறது?

இனி அளவுக்கு வருகிறேன். நான் கடிதம் எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதற்காகத்தான். லெகோவின் வழக்கமான பொம்மை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயரம். சராசரி மனித உயரத்தை 1.7 மீட்டர் என்று கொண்டால், அது நாற்பத்திரண்டில் ஒரு பங்கு என்ற அளவுவிகிதமாகிறது. லண்டனுக்கு வெளியே லீவ்ஸ்டன் படப்பிடிப்பு நிலையத்தில் திரைப்படத்துக்காகக் கட்டிய பெருமண்டபத்தின் நீளம் 120 அடி, அகலம் 40 அடி. மீட்டரில் சொன்னால் நீளம் சுமார் 36.5. அதை நாற்பத்திரண்டால் வகுத்தால், பொம்மைகளுக்குப் பொருத்தமான மண்டபம் மட்டுமே 87 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இந்தத் தொகுப்பின் மொத்த அகலமே 69 சென்டிமீட்டர்தான். மண்டபத்துக்கே இப்படி என்றால், அதன் பக்கத்தில் கோபுரங்கள், படிக்கட்டுகள், வகுப்பறைகள், அடியில் பாறை என்று கோட்டை முழுவதையும் அந்த அளவில் கட்டினால் மகளின் வீட்டுக் கூடத்தில் மனிதர்கள் நடக்க இடம் இருந்திருக்காது. ஆகவே அளவைச் சுருக்கியது சிக்கனத்தால் வந்த குறை ஆகாது. முழுக் கோட்டையையும் ஒரு மேசைக்குள் கொண்டுவர வேறு வழியே இல்லை.

சுருக்கிய அளவுக்கு ஏற்ப இருபத்தேழு குட்டிப் பொம்மைகளைக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றின் உயரம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், சுண்டுவிரலின் ஒரு கணு அளவு. மதிப்புரையாளர் இவை மிகச் சிறியவை என்கிறார். என் கணக்குப்படி இவை கோட்டைக்குப் பெரியவை! இரண்டு சென்டிமீட்டர் மனிதனுக்கு அளவுவிகிதம் எண்பத்தைந்தில் ஒரு பங்கு. அந்த விகிதத்திலும் பெருமண்டபம் 43 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அது இந்தத் தொகுப்பின் மொத்த ஆழம். கட்டியிருக்கும் மண்டபம் அதைவிட மிகச் சிறியது. உயரத்திலும் இதே கதைதான். பாறையின் அடியிலிருந்து கூம்பு முனை வரை 58 சென்டிமீட்டர். எண்பத்தைந்தால் பெருக்கினால் 49 மீட்டர் வருகிறது. நியூகாசிலுக்குத் தெற்கே ரயிலில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய டர்ஹம் பேராலயத்தின் நடுக்கோபுரமே 66 மீட்டர். மந்திரப் பள்ளியின் மிக உயர்ந்த கோபுரம், பாறையையும் சேர்த்து, ஒரு மாதா கோயிலின் கோபுரத்தைவிடத் தாழ்ந்தது என்று யார் நம்புவார்? கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதற்காக வடிவமைப்பாளர்கள் கணக்கைக் கொஞ்சம் வளைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இப்படி வளைத்தால் வரைபடம் திரும்பி வந்துவிடும். இவர்களுக்குப் பாராட்டு வந்திருக்கிறது. இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

டர்ஹம் பெயரைச் சும்மா இழுக்கவில்லை. முதல் படத்தில் ஹாரி பாட்டர் பனி மூடிய முற்றத்தில் ஆந்தையைப் பறக்கவிடும் காட்சியை எடுத்தது இந்தப் பேராலயத்தின் உள்முற்றத்தில்தான். 1093ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய ஆலயம் அது. நியூகாசிலுக்கு வடக்கே உள்ள ஆல்னிக் கோட்டையின் வெளிமுற்றத்தில்தான் மாணவர்கள் துடைப்பத்தில் பறக்கக் கற்றுக்கொண்டார்கள். நான் இரண்டு இடங்களுக்கும் போய் வந்தேன். ஆனால் இந்த இரண்டில் எதுவும் ஹாக்வார்ட்ஸ் இல்லை. படத்தின் கலை வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் கிரெய்க், ஆக்ஸ்ஃபர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி உணவுமண்டபத்தை மனத்தில் வைத்துப் பெருமண்டபத்தை அமைத்தார். வெளித்தோற்றத்துக்காக இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில், சுமார் 50 அடி குறுக்களவில் கோட்டையின் மாதிரி ஒன்றைக் கட்டிப் படம்பிடித்தார்கள். அந்த மாதிரி இன்றும் லீவ்ஸ்டனில் பார்வைக்கு இருக்கிறது. ஆகவே மேசை மேல் நிற்பது ஒரு மாதிரியின் மாதிரி. மூலக் கட்டடம் உலகில் எங்கும் இல்லை. இல்லாத கட்டடத்துக்கு வரைபடம் போடுவது எத்தனை சிரமம் என்பதை வரைபலகையின் முன் நின்றவர்கள் அறிவார்கள்.

பின்புறம் திறந்திருப்பதைப் பற்றி மதிப்புரையாளர் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டட வரைபடத்தில் தளவமைப்பு, முகப்புத் தோற்றம் என்பவற்றோடு வெட்டுத் தோற்றம் என்று ஒன்று உண்டு. கட்டடத்தைக் கத்தியால் நறுக்கியது போல் பிளந்து, எந்த மாடியின் மேல் எந்த அறை நிற்கிறது, படிக்கட்டு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று காட்டுவது அது. இந்தக் கோட்டையின் முன்பக்கம் முகப்புத் தோற்றம், பின்பக்கம் வெட்டுத் தோற்றம். முன்னால் மணல் நிறச் சுவர்களும் கருஞ்சாம்பல் கூரைக் கூம்புகளும் பாறையும் மட்டுமே தெரியும். திருப்பினால், ரசபானம் காய்ச்சும் வகுப்பறை, இளஞ்சிவப்பில் மின்னும், ஆசிரியை அம்பிரிட்ஜ் அம்மையாரின் அலுவலகம், நகரும் படிக்கட்டுகள், பாறைக்கு அடியில் சதுரங்க அறை, அதைவிடவும் ரகசியமாக பாசிலிஸ்க் பாம்பு பதுங்கியிருக்கும் நிலவறை என்று கோட்டையின் வயிறே தெரிகிறது. என் பேத்தி பாதி நேரம் பின்பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அங்கே இன்னொரு விஷயமும் கவனித்தேன். சதுரங்க அறை முதல் கதையில் வருவது, பாம்பு இரண்டாவது கதை, முற்றத்தில் நிற்கும் ஹங்கேரிய டிராகன் நான்காவது, அம்பிரிட்ஜ் ஐந்தாவது. பல ஆண்டுகளில் நடந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கட்டடத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. நம் கோயில் சுவரோவியங்களில் ஒரே கதைமாந்தர் பிறப்பதும் வளர்வதும் போரிடுவதும் ஒரே சுவரில் அடுத்தடுத்து இருக்கும். பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வருவதில்லை. அதைப் போன்றதுதான் இதுவும். கதை தெரியாத எனக்குப் பேத்தி ஒவ்வோர் அறையாக விரல் வைத்துச் சொன்னாள். கதை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்தத் தொகுப்பைக் கட்டுபவருக்கு இன்பம் பாதிதான் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மதிப்புரையில் ஒரு தகவல் பிழையும் உண்டு. லெகோ வெளியிட்டவற்றிலேயே மிகப் பெரியது இது என்று எழுதியிருக்கிறார்கள். வெளிவந்த ஆண்டிலேயே அது உண்மை இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த மில்லேனியம் ஃபால்கன் விண்கலத் தொகுப்பில் 7,541 துண்டுகள் இருந்தன. பிறகு 2022இல் வந்த ஈபிள் கோபுரம் பத்தாயிரத்தையும் ஒரு துண்டு தாண்டியது. துண்டுகளின் எண்ணிக்கையை வைத்து மதிப்பதே எனக்கு உடன்பாடில்லை என்பது வேறு. நானூறு டாலரை 6,020ஆல் வகுத்து, ஒரு துண்டு 6.6 சென்ட், பெருமண்டபத் தொகுப்பிலோ 11.4 சென்ட், ஆகவே பெரியதே மலிவு என்று கடைக்காரர் சொல்லலாம். பெட்டியைத் திறந்தால், அந்த ஆறாயிரத்தில் மிகச் சிறிய பொடித் துண்டுகள் நிறைய. ஜல்லியும் அரிசியும் எண்ணிக்கையில் விற்பதில்லையே. 2017இல் வந்த தாஜ்மகால் தொகுப்பில் 5,923 துண்டுகள். எண்ணிக்கையில் இதற்கு மிக அருகில். ஆனால் தாஜ்மகால் சமச்சீரான கட்டடம். ஒரு மூலையைக் கட்டியவர் அதே வேலையை மறுபடி மறுபடி செய்ய வேண்டும். ஹாக்வார்ட்ஸில் ஒரு கோபுரம் போல இன்னொன்று இல்லை. மூன்று வாரமும் எங்களுக்கு அலுப்புத் தட்டாததற்கு அதுவே காரணம்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மதிப்புரையாளர் கண்ணில் படாத குறைகள் சில உள்ளன. பெருமண்டபத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், இந்தக் கோட்டை முகப்பின் உயிர் என்று சொல்லத்தக்கவை, துண்டுகளின் மேல் அச்சிட்டு வரவில்லை. நாமே ஒட்ட வேண்டிய ஒட்டுப்படங்களாக வருகின்றன. நானூறு டாலர் வாங்கிக்கொண்டு இதைச் செய்வது சரியில்லை. என் கை நடுங்கியதால் ஒரு சன்னல் இலேசாகச் சாய்ந்துவிட்டது. அதை எடுத்து மறுபடி ஒட்டினால் பசை மங்கிவிடும் என்று பேத்தி தடுத்துவிட்டாள். இன்றும் அது சாய்ந்தே நிற்கிறது. பள்ளியை நிறுவிய நால்வரான கிரிஃபிண்டோர், ஹஃபிள்பஃப், ரேவன்கிளா, ஸ்லிதரின் ஆகியோர் மட்டும் வழக்கமான பொம்மை அளவில் வருகிறார்கள். கோட்டையோடு வைத்தால் இவர்கள் பேருருவம் எடுத்து நிற்கும் பூதங்கள் போல இருக்கிறார்கள். தனியாக ஓர் அலமாரித் தட்டில் வைப்பதைத் தவிர வழியில்லை. பள்ளியின் காட்டுக் காவலர் ஹாக்ரிட்டின் குடிசையும், அருகே வருபவரை அடிக்கும் மந்திர மரமும் கோட்டையோடு இணையாமல் தனித்தனியாகக் கிடக்கின்றன. மேசையைத் துடைக்கும்போது முதலில் இடம் மாறுவது இவைதாம்.

வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு, மதிப்புரையில் இல்லாத ஒன்றிரண்டு நடைமுறைச் செய்திகள். இது சுவரை ஒட்டி வைக்கக்கூடிய பொருள் இல்லை. ஒட்டி வைத்தால் பின்பக்கம் வீணாகும். நான்கு பக்கமும் நடந்து பார்க்க இடம் இல்லாத வீடுகளில், சுழலும் பலகை ஒன்றின் மேல் வைக்கலாம். அந்த இடமும் இல்லாதவர்களுக்கு, 2023இல் இதே கோட்டையையும் சுற்றுப்புறத்தையும் இன்னும் சிறிய அளவில் 2,660 துண்டுகளில், 35 சென்டிமீட்டர் அகலத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். விலையும் பாதிக்கும் குறைவு. எல்லாப் பக்கமும் அடைத்த கட்டடம் வேண்டும் என்று கேட்கும் மதிப்புரையாளருக்கு அதுவே பொருத்தம். கூம்புகளுக்கு இடையே தூசி படியும். தண்ணீர் வண்ணத் தூரிகையால் தட்டிவிட்டால் போதும். வெயில் விழும் சன்னலோரம் வைத்தால் நாளடைவில் நிறம் மங்கும்.

வயது வரம்பு பற்றிய குறிப்பையும், மிகப் பெரியது என்ற தகவலுக்கான திருத்தத்தையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிட்டால், பிள்ளைகளின் பிறந்தநாளுக்காகப் பணம் சேர்த்து வைத்திருக்கும் பெற்றோர் சிலர் தவறான பெட்டியை வாங்காமல் தப்புவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.