காலியாக இருந்த பதிவேடு

தங்கச்சி,

வரும் வியாழனோடு நான் ஓய்வு பெறுகிறேன். உன் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. நம் பழைய ஆட்களும் இதைப் படிப்பார்கள். அவர்களும் எழுத வேண்டாம்.

அன்று காலை ஷிஃப்ட் மாறும் ஹேண்டோவரில், யாரும் கேட்காமலே நீ சொன்னாய்: "சிஸ்டர், 14ஆம் பெட்டுக்குப் போட வேண்டிய செஃப்ட்ரியாக்ஸோன் ஆன்டிபயாட்டிக் ஊசியை 12க்குப் போட்டுட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், பேஷண்ட் நல்லா இருக்கார்." கையில் காலிக் குப்பி. நான் என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் குப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் உன் கை மேஜைக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே நின்றது. வார்த்தைகள் மங்கிவிட்டன, அந்தக் கை மட்டும் மறக்கவில்லை.

38 பேஷண்டுக்கு இரவில் இரண்டே பேர். அந்த ஏற்பாடு நான் செய்ததல்ல. நானும் அப்படித் திட்டு வாங்கி வளர்ந்தவள்தான். சாக்கு என்றால் சாக்குதான், ஆனால் பொய் இல்லை.

அடுத்த ஏழு மாதம் தவறுப் பதிவேட்டில் ஒரு வரி விழவில்லை. வார்டைத் திருத்திவிட்டேன் என்று மேட்ரனிடம் பெருமையடித்தேன். பின்னால் ஒரு பயிற்சி வகுப்பில் எமி எட்மண்ட்சனைப் பற்றிச் சொன்னார்கள். 1990களில் அமெரிக்க வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தவர். நல்ல டீமில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனாராம். கணக்கு தலைகீழாக வந்திருக்கிறது. அந்த டீம்களில் நடந்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான். 1999 கட்டுரையில் அதை 'உளவியல் பாதுகாப்பு' என்று எழுதினார். எனக்கு என் காலிப் பக்கங்கள்தான் கண்முன் வந்தன.

நீயோ 'சொந்தக் காரணம்' என்று மட்டும் எழுதி ராஜினாமா கொடுத்துவிட்டுப் போனாய். என்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருக்கலாம். இத்தனை வருடம் என்னை நல்லவளாகவே விட்டுவைத்தது பெருந்தன்மையா, பயமா? பயம் என்றால் அதற்கும் நான்தான் காரணம், தெரியும். இருந்தாலும் கோபம் வருகிறது.

சாப்பிடுகிறாயா ஒழுங்காக? நைட் டியூட்டி என்றால் டீயிலேயே ஓட்டுவாய்.

போன மாதம் ஒரு இன்சுலின் நேரத்தை நான் மாற்றிக் குறித்துவிட்டேன். எல்லாரும் பார்க்கப் பதிவேட்டை எடுத்து என் பெயரிலேயே எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு சின்னப் பெண் வந்து, "சிஸ்டர், நானும் ஒண்ணு எழுதணும்" என்றாள். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். டீ கொஞ்சம் அதிகப்படிதான்.

அப்புறம் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். உன் வரி இருக்கிறது. கீழே என் சிவப்பு மை. அதை அடிக்கத்தான் கை போனது. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது.