ஹவாயில் காண வேண்டிய ஓர் அறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹவாய்த் தீவுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரை கடற்கரைகளையும் எரிமலைகளையும் அழகாக அறிமுகப்படுத்தியிருந்தது. ஆனால் ஹொனலுலு நகரின் நடுவே இன்று அருங்காட்சியகமாக இருக்கும் இயோலானி அரண்மனையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது, சென்ற ஆண்டு என் மகளுடன் அதைப் பார்த்துவந்த எனக்கு வருத்தம் அளித்தது.

அப்போது தனி நாடாக இருந்த ஹவாயின் மன்னர் கலாகவுவா 1882-இல் கட்டி முடித்த மாளிகை அது. 1881-இல் உலகைச் சுற்றிவந்தபோது கல்கத்தாவையும் பம்பாயையும்கூடக் கண்டுசென்ற அவர், அதே பயணத்தில் எடிசனையும் சந்தித்தார். 1887-இல் இந்த அரண்மனையில் மின்விளக்குகள் எரிந்தபோது, வாஷிங்டன் வெள்ளை மாளிகைக்கு அந்த வசதி வந்திருக்கவில்லை. மரத்தரை தேயாமலிருக்க, காலணிக்கு மேல் உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே நடக்க வேண்டும்.

மன்னரின் தங்கையும் வாரிசுமான அரசி லிலியுவோகலானி 1893 ஜனவரி 17 அன்று ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டார். அவரது ஆதரவாளர்கள் 1895-இல் நடத்திய கிளர்ச்சி தோற்றதும், தாம் கொலுவீற்றிருந்த அதே மண்டபத்தில் அவர் இராணுவ விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். விதிக்கப்பட்ட ஐந்தாண்டுக் கடுங்காவல் தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்றாலும், ஏறத்தாழ எட்டு மாதங்கள் மாடியின் மூலையறை ஒன்றில் அடைத்துவைக்கப்பட்டார். பொன்முலாமும் படிகவிளக்குகளும் மின்னும் கூடங்களைக் கடந்து வருபவர்களுக்கு, வெறிச்சென்றிருக்கும் அந்த அறை நெஞ்சை அடைக்கச் செய்கிறது.

அரசியும் உடனிருந்த தோழியரும் அங்கே தைக்கத் தொடங்கிய துண்டுத்துணிப் போர்வை, கண்ணாடிப் பேழைக்குள் விரித்துவைக்கப்பட்டுள்ளது. பட்டும் வெல்வெட்டுமாக ஒழுங்கற்ற துண்டுகளை இணைத்த ஒன்பது சதுரங்கள். நடுச் சதுரத்தில் ஹவாய்க் கொடிகளோடு, தாம் அங்கே சிறைவைக்கப்பட்ட செய்தியையும் நூலாலேயே எழுதியிருக்கிறார்கள். என் மகள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துக் காட்டினாள். செய்தித்தாள் படிக்கத் தடை விதிக்கப்பட்டிருந்த அரசிக்கு, வெளியிலிருந்து வந்த பூக்களைச் சுற்றியிருந்த செய்தித்தாள்களே நாட்டு நடப்பைத் தெரிவித்தன என்பதையும் அங்கேதான் அறிந்தேன். நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் தங்கள் நாளிதழைப் பிரித்துப் படிக்கும் என்னால் அந்தச் செய்தியை எளிதில் கடந்துவர முடியவில்லை.

மன்னராட்சி வீழ்ந்தபின் தட்டுமுட்டுப் பொருள்கள் ஏலத்தில் போக, 1969 வரை அரசு அலுவலகமாக இருந்த கட்டடம், சீரமைக்கப்பட்டு 1978-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏலத்தில் சிதறிய நாற்காலிகளையும் பீங்கான்களையும் தேடிப்பிடித்து, அவை முன்பிருந்த அறைகளிலேயே மீண்டும் வைத்துவருகிறார்கள். அந்தப் பொறுமைக்காகவே அவர்களைக் கைகூப்பலாம்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய், அப்படியே ஹவாய்க்கும் சென்றுவரும் பெற்றோர் இப்போது நம்மிடையே பலர். அவர்களுக்குப் பயன்படும் வகையில், அடுத்த முறை அத்தீவுகளைப் பற்றி எழுதும்போது இந்த அரண்மனைக்கும், குறிப்பாக அந்த மூலையறைக்கும், சில பத்திகள் ஒதுக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருநெல்வேலி