ஒரே ஒரு நோயாளி போதாதா? மருத்துவ இதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

“ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கைகளை நாங்கள் வெளியிடுவதில்லை.” இந்த ஒற்றை வரியோடு மூன்று இதழ்களிலிருந்து என் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. கோபத்தில் எழுதுகிறேனோ என்று நினைப்பீர்கள். கொஞ்சம் கோபமும் உண்டு.

கட்டுரை ஓர் இளம்பெண்ணைப் பற்றியது. சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகையோடு வந்தாள். உடலின் எதிர்ப்பு சக்தியே சிவப்பணுக்களைத் தாக்குகிறதா என்று பார்க்கும் கூம்ஸ் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. சோகை தானாகவே தணிந்தது, நாங்களும் விட்டுவிட்டோம். பல மாதங்கள் கழித்துக் கையெழுத்து கோணலானது, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். வேறு ஏதோ காரணத்துக்காகக் கண்ணைப் பார்த்த மருத்துவர்தான், ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனை நுண்ணோக்கியில் கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் இருப்பதைக் கண்டார். வில்சன் நோய். கல்லீரல் தாமிரத்தை வெளியேற்ற முடியாமல் தேக்கிவைக்கும் பரம்பரைக் கோளாறு. தேங்கிய தாமிரம் திடீரென ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடையும். 1912-இல் விவரிக்கப்பட்ட நோய் இது. தாமிரத்தை உடலிலிருந்து வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்து 1956 முதல் கையில் இருக்கிறது. கல்லீரல், கைநடுக்கம் என்றே மனப்பாடம் செய்திருந்த எங்களுக்கு, அது சோகையின் வேடத்திலும் வரும் என்பது உறைக்கவில்லை.

அரிய நோய்க்குக் கூட்டம் கேட்டால் எங்கே போவது? பத்தாயிரத்தில் ஐந்து பேருக்கு மேல் இல்லாததையே ஐரோப்பிய ஒன்றியம் அரிய நோய் என்கிறது. அவர்களிலும் வழக்கத்துக்கு மாறான அறிகுறியோடு வருபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? எய்ட்ஸ் பற்றி 1981 ஜூனில் வெளியான முதல் அறிக்கையில் இருந்தவர்களே 5 பேர்தான். கர்ப்பிணிகள் உட்கொண்டதால் குழந்தைகள் உறுப்புக் குறைபாட்டோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்து குறித்து 1961-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த எச்சரிக்கை, சில பத்திகளே கொண்ட கடிதம்.

உங்கள் சங்கடம் தெரியாமல் இல்லை. இத்தகைய அறிக்கைகளை மேற்கோள் காட்டுவோர் குறைவு. இதழின் மதிப்பெண் இறங்கிவிடும். பதவி உயர்வுக்காக எழுதப்படும் வேடிக்கைக் காட்சிகளும் குவிகின்றன. அவற்றைத் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் மறுக்காதீர்கள். எங்கே தடம் மாறினீர்கள், எந்தச் சோதனையை முன்பே செய்திருக்கலாம், ஓராண்டு கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்று எங்களைக் கேளுங்கள். நோயாளியின் சம்மதத்தையும் கேளுங்கள். அரிய நோயில் வயதையும் ஊரையும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கட்டுரையை நான்காவது முறையாக அனுப்புகிறேன். நாங்கள் வீணாக்கிய மாதங்களையும் இம்முறை சேர்த்திருக்கிறேன். அவளே படித்துப் பார்த்து, ஒரு தேதியைத் திருத்திக் கொடுத்தாள்.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவர்