தடிப்பு எங்கே வந்தது என்று முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்குக் காரணம் தெரியாமல் வரும் தோல் தடிப்பு பற்றி உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல நோக்கத்தோடு எழுதியிருக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் பாதிக்கு மேல் எதையெல்லாம் சாப்பிடக் கொடுக்கக்கூடாது என்ற பட்டியல்தான். பால், முட்டை, கடலை, கோதுமை, மீன் என்று அது போய்க்கொண்டே இருக்கிறது. பிள்ளை உடம்பில் நாலு இடத்தில் தடித்தால் போதும், "நேத்து என்ன சாப்பிட்ட?" என்றுதான் எல்லா வீட்டிலும் விசாரணை ஆரம்பிக்கிறது. பத்திரிகையும் அதையே சொன்னால் அப்புறம் யார்தான் வேறு பக்கம் பார்ப்பார்கள்?

என் அக்கா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொடையின் பின்பக்கம், இரண்டு காலிலும், அரிப்போடு திட்டுத்திட்டாகத் தடிப்பு. சொறிந்து சொறிந்து நீர் வடிந்து, காய்ந்து, தோலே கெட்டியாகிவிட்டது. கொஞ்ச நாளில் முழங்கை மடிப்பிலும் சின்னச் சின்னப் பொரியாக வர ஆரம்பித்ததும், "உள்ளுக்குள்ள ஏதோ ஒத்துக்கல" என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். முட்டை நின்றது, பால் நின்றது. ரத்தப் பரிசோதனையில் முட்டைக்கு பாசிட்டிவ் என்று வேறு வந்துவிட, இனி சந்தேகமே இல்லை என்றாகிவிட்டது. தடிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியாகப் பார்த்த தோல் மருத்துவர் வயதானவர். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி அப்படியே மேசையில் வைத்துவிட்டு, பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒவ்வொரு திட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். திட்டுகள் வட்டமாக இருந்தன, இரண்டு தொடையிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில். "லீவு விட்டா குறையுதாம்மா?" என்று கேட்டார். அக்கா யோசித்துப் பார்த்தாள். ஆமாம், பெரிய விடுமுறையில் கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. "அப்ப சாப்பாட்டை விடுங்க. கிளாஸ்ல உக்கார்ற நாற்காலியைப் போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால் உட்காரும் பலகையில் பளபளவென்று திருகாணித் தலைகள், சரியாகத் தொடை படும் இடத்தில். அவர் கொடுத்தனுப்பிய டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலைப் பஞ்சுக்குச்சியில் நனைத்து ஆணித் தலையில் தேய்த்தால், தொட்டால் பலருக்கு ஒவ்வாமை தரும் நிக்கல் என்ற உலோகம் இருக்கும் பட்சத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாக மாற வேண்டும். மாறியது. பள்ளியில் சொன்னதும் நாற்காலிக்குத் துணி உறை போட்டுக் கொடுத்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

முழங்கையில் வந்தது எதனால் என்று கேட்டேன். ஓர் இடத்தில் ஒவ்வாமைத் தடிப்பு கடுமையானால், அந்தப் பொருள் படாத தூரத்து இடத்திலும் சின்னப் பொரி கிளம்புமாம். உடம்பெல்லாம் பரவுகிறதே என்று பார்த்து வயிற்றைச் சந்தேகிப்பது இங்கேதான். இதே நிக்கல் ஜீன்ஸ் பட்டனில் இருந்தால் தொப்புளுக்குக் கீழே, கம்மலில் இருந்தால் காது மடலில், வாட்ச்சில் இருந்தால் மணிக்கட்டில் வரும்.

இந்த ரத்தப் பரிசோதனை விஷயத்தை உங்கள் கட்டுரை தொடவே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்புரதத்தை ரத்தத்தில் தேடும் அந்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாத எத்தனையோ பிள்ளைகளுக்கு அது பாசிட்டிவாக வரும். எங்கள் பிள்ளையும் அதுவரை முட்டை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள்! அதோடு நிக்கல் மாதிரி தொடுவதால் வரும் ஒவ்வாமையை அந்தப் பரிசோதனை காட்டவே காட்டாது, ஏனென்றால் அது வேறு வகை. அதற்கு முதுகில் மருந்துப் பட்டைகளை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடியும் 72 அல்லது 96 மணி நேரத்தில் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. அவ்வளவு நேரம் ஏன் காத்திருக்கிறார்கள் என்றால், தொட்ட பொருளுக்கான தடிப்பு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் கிளம்பும். இன்று தடித்தால் இன்று காலையில் சாப்பிட்டதை மட்டும் குடைந்துகொண்டிருப்பதில் பயனில்லை. முந்தாநாள் போட்ட புதுச் சட்டை, புது ஷூ, விளையாடிய ஸ்லைம் இதெல்லாம் யாருக்கு நினைவுக்கு வருகிறது?

சாப்பாட்டால் தடிப்பே வராது என்று நான் சொல்லவில்லை. வரும், ஆனால் அதற்கு ஒரு நடை இருக்கிறது. சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்தில், காணாக்கடி (திடீரென எழும்பி மறையும் அரிப்புத் தடிப்பு) மாதிரி தடித்துத் தடித்து எழும்பும். உதடு வீங்கலாம், வாந்தி வரலாம். அடுத்த முறை அதே பொருளைச் சாப்பிட்டாலும் பெரும்பாலும் அதேபோல வரும். காணாக்கடியா இல்லையா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு: ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். காணாக்கடி என்றால் 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டம் காலியாகி, வேறு இடத்தில் புதிதாக வந்திருக்கும். நகராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அது வேறு. அப்படியே காணாக்கடியாக இருந்தாலும் குழந்தைகளுக்கு அது வருவதற்குச் சாப்பாட்டைவிட சாதாரண வைரஸ் சளி, காய்ச்சல்தான் அதிகம் காரணம். ஆறு வாரத்துக்கு மேல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தால் சாப்பாடு காரணமாக இருப்பது இன்னும் அபூர்வம்.

மருந்தும் இப்படித்தான் பழி சுமக்கிறது. காய்ச்சலுக்கு பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் கொடுத்த பிள்ளைக்குத் தடிப்பு வந்தால் "பென்சிலின் ஒத்துக்காது" என்று கார்டில் எழுதிவிடுகிறார்கள், ஆயுசுக்கும் அது அழியாது. பிறகு முறையாகச் சோதித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்தைத் தாங்கிக்கொள்கிறார்கள். தடிப்பு பல நேரம் அந்தக் காய்ச்சலைத் தந்த வைரஸே கொண்டுவந்ததுதான்.

சும்மா சந்தேகத்தில் உணவை நிறுத்துவதால் என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். இருக்கிறது. கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் அழற்சி உள்ள குழந்தைக்கு, அதுவரை ஒத்துக்கொண்டிருந்த உணவை நீண்ட நாள் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது, முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை புதிதாக வந்துவிடுவது உண்டு. 2015இல் வெளியான லீப் ஆய்வில், ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை எடுத்து, ஒரு பாதிக்குச் சின்ன வயதிலிருந்தே நிலக்கடலையைக் கொடுத்து வந்தார்கள், மறு பாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்கவே இல்லை. கொடுக்காமல் வைத்திருந்த பிள்ளைகளுக்குத்தான் கடலை ஒவ்வாமை பல மடங்கு அதிகமாக வந்தது. அதற்காகக் கைக்குழந்தை தொண்டையில் முழுக் கடலையைப் போட்டுவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. உணவை நிறுத்திப் பார்ப்பதென்றால் மருத்துவர் சொன்ன ஒன்றை மட்டும், இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திவிட்டு, அவர் மேற்பார்வையில் மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். மறுபடி கொடுத்துப் பார்க்கிற அந்தப் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இடத்தைப் பார்த்தே எவ்வளவோ தெரிந்துகொள்ளலாம். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு, வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் சிரங்குப் பூச்சியை நினைக்க வேண்டும். முதல் தடவை அந்தப் பூச்சி ஏறிய பிறகு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதனால் அரிக்காதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். கால் கீழ்ப்பகுதியில் மூன்று நாலாகச் சேர்ந்தோ வரிசையாகவோ வந்தால் பூச்சிக்கடி. பக்கத்தில் படுத்த அண்ணனுக்கு ஒன்றுமில்லையே என்பது அதற்கு மறுப்பாகாது, கடிக்கு எல்லா உடம்பும் ஒரே மாதிரி பொங்காது. வாயைச் சுற்றியும் பின்புறத்திலும் என்றால் ஈர டிஷ்யூவைப் பாருங்கள். சிலவற்றில் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்திக்கு 2013இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பட்டமே கொடுத்தது. குழந்தையைத் துடைத்துவிடும் அம்மாவின் விரல் நுனியும் வெடித்திருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

ஓரம் மட்டும் சிவந்து நடுவில் தெளிந்து வட்டமாகப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். அதன்மேல் கையில் கிடைத்த ஸ்டீராய்டு களிம்பைப் போட்டால் அரிப்பு அடங்கும், வட்டம் கலையும், பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். பிறகு மருத்துவருக்கே அடையாளம் குழம்பிவிடும். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் எந்தக் களிம்பும் வேண்டாம், போட்டோ மட்டும் எடுத்து வையுங்கள். போட்டோவில் தேதி தானாக விழுந்துவிடும், பாதி நாட்குறிப்பு அதுவே.

அவசரமானதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுரையில் அது கடைசி வரியில் ஒளிந்திருந்தது. மூச்சு இரைந்தால், முகமோ நாக்கோ வீங்கினால், திரும்பத் திரும்ப வாந்தியோடு பிள்ளை துவண்டால், வாய், கண், பிறப்புறுப்பில் கொப்புளம் வந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் ஓட வேண்டும். காய்ச்சலோடு சின்னச் சின்னப் புள்ளி வந்து, கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாவிட்டாலும் அப்படியே. மறைகிறதே என்று தைரியப்படவும் கூடாது. பிள்ளை சோர்ந்து கிடந்தால் தம்ளர் என்ன சொன்னாலும் போய்விடுங்கள்.

கடைசியாகப் படங்கள். நீங்கள் போட்டிருந்த நான்கு படமும் வெள்ளைத் தோலில் எடுத்தவை, நன்றாகச் சிவந்து தெரிகிறது. மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, பழுப்பாகவோ ஊதா கலந்தோ சாம்பல் பூத்த மாதிரியோதான் இருக்கும். தடவிப் பார்த்தால்தான் மேடும் சூடும் தெரியும். அந்தத் தம்ளர் சோதனைகூடக் கறுத்த தோலில் சரியாகத் தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், இமையின் உட்புறம், வாயின் மேல்புறம் இங்கெல்லாம் பார்க்க வேண்டும். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது எல்லா நிறத்திலும் எடுத்த படங்களைப் பெரிதாகப் போடுங்கள். இடம் போதாவிட்டால் அந்தச் சாப்பாட்டுப் பட்டியலை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்