புழு இல்லாத வாரமும் காலை எட்டு மணியும்

தருமபுரி
10.10.2025

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பெரியவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாடி மட்டும் ஏறுவதில்லை.

நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். "உங்கள் தெருவில் இருப்பவர்களும் எங்களைப் போலத்தான் சம்பாதிக்கிறார்கள், வருஷத்துக்கு மூணு தடவை எப்படிக் கிளம்பிப் போகிறார்கள்? கடனா, சீட்டா?" என்று எழுதியிருந்தாய். இரண்டும் இல்லை, கலா. ஒரு பயணத்தில் அதிகமாகப் பணத்தைத் தின்பது தூரம் இல்லை, அவசரம்தான். தேதியை முன்னாலேயே முடிவு செய்கிறவர்களுக்குப் பாதிச் செலவில் முடிகிறது. கடைசி நேரத்தில் கிளம்புகிறவர்களுக்கு தட்கல், ஆம்னி பஸ், கிடைத்த லாட்ஜ் என்று ஒவ்வொன்றிலும் கூடுதலாகப் போகிறது.

முதலில் பணம். மாசம் 1,500 ரூபாய் வங்கியில் ஒரு வருஷ ஆர்.டி. (மாசாமாசம் கட்டும் சேமிப்பு) போட்டால் வட்டியை விட்டுவிட்டே 18,000 ஆகிறது. ஒரு பெரிய பயணத்துக்கு 8,000, இரண்டு சின்னப் பயணத்துக்கு ஐயாயிரம் ஐயாயிரம் என்று இப்போதே பிரித்து எழுதி வைத்துவிடு. தபால் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருஷக் கணக்கு, இதற்குத் தோதுப்படாது. நாலு வீடு சேர்ந்து போவதானால் ஒருத்தி கையில் பணம் சேர்ப்பதோ, பதிவில்லாத சீட்டில் போடுவதோ வேண்டாம். இரண்டு பேர் பெயரில் கூட்டுக் கணக்கு தொடங்கி, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பணத்தால் சிநேகிதம் கெடக் கூடாது.

அடுத்தது தேதி. உங்களுக்குப் பட்டுப்புழு இருப்பதால் கிளம்பவே முடியாது என்று எழுதியிருந்தாய். எனக்கென்னவோ அது உங்களுக்கு வசதி என்றுதான் தோன்றுகிறது. மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது. உங்களுக்கோ ஒரு கூடு அறுப்புக்கும் அடுத்த இளம்புழு வருவதற்கும் நடுவில் பத்து நாளாவது புழு வளர்க்கும் மனை காலியாக இருக்கிறது. நீங்கள் வழக்கமாக இளம்புழுவை முதலில் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் நாளில் ஊருக்குப் போகலாமா என்று பார்க்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடு. நீ எழுதின ஹம்பிப் பயணத்துக்கு பிப்ரவரி 5-ஆம் தேதி வியாழக்கிழமை ராத்திரி ரயில் என்று வைத்துக்கொள். ஜனவரி முதல் வாரத் தொடக்கத்தில், 2, 3 தேதி வாக்கில் இளம்புழு எடுத்தால், குளிரில் ஓரிரண்டு நாள் கூடிப் போனாலும் மாசக் கடைசிக்குள் கூடு தருமபுரி மார்க்கெட்டுக்கு வந்துவிடும். மனையைக் கழுவி, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் போட்டு மூடிவிட்டுக் கிளம்பலாம். திரும்பி வரும்போது மல்பெரி இலையும் வளர்ந்திருக்கும்.

இனி டிக்கெட். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி, மிச்சம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

ரயிலில் 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கிறது. போன வருஷம் அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. காலை எட்டு மணிக்குத் திறக்கும். பயண நாளை அந்த 60-இல் சேர்க்கக் கூடாது. பிப்ரவரி 5-க்கு டிசம்பர் 7-ஆம் தேதி காலை எட்டு மணி. திரும்பி வருவது 7-ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி என்றால், அந்த டிக்கெட் டிசம்பர் 9-ஆம் தேதிதான் திறக்கும். போவதற்கு எடுத்த மகிழ்ச்சியில் வருவதை மறந்துவிடுகிறவர்கள்தான் கடைசியில் தட்கலில் மாட்டுகிறார்கள். இன்னொன்று, கணக்கு வைப்பது ரயில் புறப்படும் ஊரின் தேதியை வைத்து. இரண்டாம் நாள் உன் ஸ்டேஷனுக்கு வரும் தொலைதூர வண்டிக்கு ஒரு நாள் முந்தியே திறந்துவிடும்.

இந்த மாசம் 1-ஆம் தேதியிலிருந்து, முன்பதிவு திறந்தவுடன் ஆன்லைனில் டிக்கெட் எடுக்க, ரயில்வே தளமான ஐ.ஆர்.சி.டி.சி.-யில் ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். பெரியவளை விட்டு உன் கணக்கில் ஆதாரை இப்போதே இணைக்கச் சொல். கடைசி நாளில் செய்யப் போனால், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தகராறு.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம். ஆன்லைன் சேவைக் கட்டணம் ஆளுக்கு இல்லை, டிக்கெட்டுக்கு. யு.பி.ஐ.-யில் கட்டினால் ஸ்லீப்பருக்குப் பத்து ரூபாயும் வரியும்தான். அதனால் ஆறு பேர் குழு நல்ல அளவு. இறங்கின ஊரில் ஒரு பெரிய காரிலும் ஆறு பேர் அடங்குவார்கள். ஏழாவது ஆள் சேர்ந்தால் எல்லாமே இரண்டாகிவிடும்.

ஆனால் உன் மாமியாரை அந்த ஆறில் சேர்க்காதே. மூத்தோருக்கான கீழ் பெர்த் கோட்டா, ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும், அவர்களும் தகுதியுள்ளவர்களாக இருந்தால்தான் கிடைக்கும். ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. அப்படியென்றால் உனக்கும் உண்டு. நீயும் மாமியாரும் தனி டிக்கெட், மற்றவர்கள் இன்னொன்று. கூடப் போகிற பத்து ரூபாய்க்குப் பதில் அவர் இடுப்பு தப்பும். மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தியதுதான், திரும்ப வரவில்லை. எத்தனை குடும்பங்கள் அதை நம்பி வருஷத்துக்கொரு முறை கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தன, அதைத் திரும்பக் கொடுக்கத்தான் வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தைக்கு டிக்கெட் இல்லை. 5 முதல் 11 வரை பெர்த் கேட்காவிட்டால் அரை, கேட்டால் முழு.

வெயிட்டிங் லிஸ்டில் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. ஜி.என்.டபிள்யூ.எல். (வண்டி கிளம்பும் ஊர்ப் பக்கத்துப் பொதுப் பட்டியல்) என்றிருந்தால் வேகமாக நகரும். பி.க்யூ.டபிள்யூ.எல்., ஆர்.எல்.டபிள்யூ.எல். (நடு ஸ்டேஷன்களுக்கான சின்ன ஒதுக்கீட்டுப் பட்டியல்கள்) என்றிருந்தால் ஐந்து என்று காட்டினாலும் அசையாமல் நிற்கும். தருமபுரி, ஓசூர் மாதிரி நடு ஸ்டேஷனில் ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் விழுகிறது. பெங்களூர் நாகர்கோவில் வண்டியில் தெற்கே போவதானால் பெங்களூரிலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறும் இடம் தருமபுரி என்று போட்டுவிடு. கூடுதலாக வரும் தூரத்துக்கு நீண்ட பயணத்தில் பெரிய வித்தியாசம் வராது, ஏனென்றால் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போகும். ஏறும் இடத்தை மாற்ற மறந்தால்தான் ஆபத்து. பெங்களூரில் ஆள் இல்லை என்று டிக்கெட் பரிசோதகர் குறித்துவிட்டால், தருமபுரியில் நீ ஏறும்போது உன் பெர்த்தில் வேறொருவர் படுத்திருப்பார். கேட்க வழி இல்லை.

தட்கல் வேண்டவே வேண்டாம். ஸ்லீப்பரில் அடிப்படைக் கட்டணத்தில் 30 சதவீதம், குறைந்தது 100, அதிகபட்சம் 200 ரூபாய் கூடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நீ போகும் தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் குறைந்தது 500 கிலோமீட்டருக்கான கட்டணம் போடுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சாதாரண ஸ்லீப்பரிலேயே குறைந்தபட்சக் கணக்கு 200 கிலோமீட்டர். அதனால் தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு ஸ்லீப்பர் எடுப்பது வீண், பகல் வண்டியில் உட்கார்ந்து போவதே போதும்.

யாராவது கடைசியில் வரவில்லை என்றால் அவர் பெயரை மட்டும் ரத்து செய்யலாம். முன்னாலேயே செய்தால் பிடித்தம் குறைவு, நேரம் நெருங்க நெருங்கக் கூடும், கடைசி சில மணி நேரத்தில் ஒன்றும் வராது. இதைக் குழுவில் முதலிலேயே சொல்லிவிடு, நஷ்டம் விலகுகிறவருக்குத்தான் என்று. டிக்கெட்டைப் பெற்றோர், கூடப்பிறந்தவர், பிள்ளைகள், கணவன் மனைவிக்கு 24 மணி நேரம் முன்னால் கவுன்டரில் ஒரு முறை மாற்றித் தருவார்கள். சிநேகிதிக்கு மாற்ற முடியாது.

உங்கள் ஊருக்கு ரயில் இல்லாத குறை இருக்கிறதே, அதற்கு வழி பஸ்தான். ஹம்பிக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தாய், அதை வைத்தே சொல்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், அங்கிருந்து பெங்களூர் ஓரத்தில் இருக்கும் பொம்மசந்திரா வரை பஸ். ஆகஸ்டிலிருந்து அங்கே பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் வழி ஓடுகிறது. ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கு மாறி மெஜஸ்டிக்கில் இறங்கினால் ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ்ஸோடு சிக்கி ரயிலைத் தவறவிடும் பயம் இல்லை. பெண்களுக்கு இலவசம் என்று நம்பி உட்கார்ந்துவிடாதே. நம்மூர் விடியல் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்குத்தான், ஓசூர் போகும் புறநகர் பஸ்ஸுக்கு இல்லை. கர்நாடகத்தின் சக்தி திட்டம் அந்த மாநில முகவரி உள்ள பெண்களுக்கு மட்டும், நம் ஆதாரைக் காட்டினால் டிக்கெட் கிழிப்பார்கள்.

ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ், காலையில் ஹொசபேட்டே. ரயிலில் படுத்த ராத்திரிக்கு லாட்ஜ் வாடகை இல்லை. வெள்ளி காலை இறங்கி, சனி ராத்திரி ஏறினால் இரண்டு முழுப் பகல், ஒரே ஒரு ராத்திரி வாடகை. அறை ஹொசபேட்டேயிலேயே எடு, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹம்பிக்கு அடிக்கடி பஸ் உண்டு. விட்டலர் கோயிலுக்கு 40 ரூபாய் டிக்கெட். அதே டிக்கெட்டில் தாமரை மகால் இருக்கும் அந்தப்புரப் பகுதிக்கும் விடுவார்கள், ஆனால் அதே நாளில் போக வேண்டும். ஒன்றை வெள்ளியிலும் மற்றதைச் சனியிலும் வைத்தால் இரண்டு தடவை கட்ட வேண்டும். விரூபாட்சர் கோயிலுக்கு அந்த டிக்கெட் தேவையில்லை, அதைச் சனிக்கு வைத்துக்கொள்.

மற்ற ஊர்களில் தங்க, ஸ்டேஷன் ஓய்வறைகளைக் கன்ஃபார்ம் அல்லது ஆர்.ஏ.சி. (உட்கார இடம் மட்டும் உறுதியான) டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைப் போட்டு முன்பதிவு செய்யலாம். டார்மிட்டரி படுக்கையும் சில இடங்களில் உண்டு. காசி, ராமேஸ்வரத்தில் நகரத்தார் சத்திரம். கன்னியாகுமரியில் விவேகானந்தபுரம். உன் மாமியார் 60-க்கும் 70-க்கும் நடுவில் இருப்பதால், அறநிலையத்துறை அழைத்துப் போகும் ராமேஸ்வரம் காசி பயணத்துக்கும், அறுபடை வீட்டுக்கும் விண்ணப்பம் போடு. செலவு முழுக்க அரசினது. அறிவிப்பு வரும்போது கோயில் அலுவலகத்தில் கேட்டால் படிவம் தருவார்கள்.

சாப்பாடு. இரண்டு வேளைக்கு வீட்டிலிருந்து எடுத்துப் போனால் ஆறு பேருக்கு ஆயிரத்துக்கு மேல் மிச்சம். புளியோதரைக்குச் சாதத்தை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, முழுக்க ஆறின பிறகுதான் புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு கட்டினால் ஆவி உள்ளேயே வேர்த்து மறுநாள் நூல் விட்டுப் போகும். புளிக்காய்ச்சல், எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதித்திருக்க வேண்டும். வாழை இலையை அடுப்பில் வாட்டிக் கட்டு, வாட்டாவிட்டால் மடிப்பில் கிழியும். தேங்காய் எதிலும் வேண்டாம். இட்லிக்கு இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிவிடு, அது முதல் வேளைக்கு. புளியோதரை மறுநாள் காலைக்கு. தண்ணீர் ரயில் நீர் ஒரு லிட்டர் 14 ரூபாய், அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதே.

ஆள் யார் யார் என்பதை நவம்பர் கடைசிக்குள் எழுது. எல்லோருடைய பெயரும் வயதும் அடையாள அட்டையில் இருப்பது போலவே வேண்டும். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் பயணிகள் பெயர் சேர்த்து வைக்கும் முதன்மைப் பட்டியலில் (மாஸ்டர் லிஸ்ட்) முன்னாலேயே சேர்த்து வைத்தால், டிசம்பர் 7 காலையில் தட்டச்சு செய்துகொண்டு உட்கார வேண்டியதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, பெரியவளும் வீட்டில் இருப்பாள். 7.50-க்கே உள்ளே நுழைந்து காத்திருங்கள்.

அண்ணனுக்கும் மாமியாருக்கும் என் வணக்கம். சின்னவள் பரிட்சை எப்படி எழுதினாள் என்று சொல்லவே இல்லையே, அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
விஜயா